புளித்த மாவும் கார ரொட்டியும்: ஒரு வரலாறு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ரொட்டியை வீட்டிலேயே சுட்டுக்கொள்ளும் நம் குடும்பங்கள் பலவற்றை இன்று காணலாம். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வதக்கிச் சேர்த்து, மேலே கருஞ்சீரகம் தூவிச் சுட்ட கார ரொட்டி இப்தார் தட்டில் சமோசாவுக்குப் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. இதைச் செய்யத் தொடங்கும் சகோதரிகள் மாவின் அளவைக் கேட்பதற்கு முன்பே வேறொன்றைக் கேட்கிறார்கள்: "ஈஸ்ட் போட்டால் மாவு பொங்குகிறதே, இலேசாகச் சாராய வாடை கூட வருகிறதே, இது நமக்கு ஆகுமா?" வீட்டில் மூத்த பெண்மணி எவரேனும் இருந்தால், "ரொட்டியில் கள்ளு ஊற்றுவார்களாம், எங்கள் காலத்தில் கடை ரொட்டியை வாப்பா வாசற்படி தாண்ட விடமாட்டார்கள்" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்வார்.

இவ்விரு பேச்சுக்கும் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. மூத்தவரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. அதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. இளையவரின் கேள்விக்கும் நம் மார்க்க வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். அரபு மொழியில் புளித்த மாவுக்குக் 'கமீர்' என்று பெயர். உருதுவிலும் அதே சொல்தான். மதுவுக்குக் 'கம்ர்' என்று பெயர். இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அவ்வேரின் அடிப்படைப் பொருள் மூடுதல், மறைத்தல் என்பது. பெண்கள் தலையில் அணியும் 'கிமார்' என்ற துணியின் பெயரும் அதிலிருந்து வந்ததே. மது அறிவை மூடுவதால் கம்ர் ஆயிற்று என்பர். மாவைப் பிசைந்து மூடிவைத்தால் பொங்குவது கமீர். ஒரே வேர் என்பதால் ஒரே சட்டம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. போதை தருவது விலக்கப்பட்டது. எவ்வளவு உண்டாலும் போதை தராத புளித்த மாவு முஸ்லிம்களின் அன்றாட உணவாகவே இருந்து வந்திருக்கிறது.

அகழ்ப்போரின்போது நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நம்மில் பலருக்குத் தெரியும். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, மதீனாவைச் சுற்றி அகழி வெட்டிக்கொண்டிருந்த நாள்கள் அவை. நபி (ஸல்) அவர்கள் பசியினால் வயிற்றில் கல்லைக் கட்டியிருந்ததைக் கண்ட ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். வீட்டில் இருந்தது ஒரு ஸாஉ வாற்கோதுமை. நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஓர் ஆட்டுக்குட்டியும் இருந்தது. அவர்களுடைய மனைவி தானியத்தை அரைத்து மாவு பிசைந்தார்கள். தாம் வரும்வரை சட்டியை அடுப்பிலிருந்து இறக்க வேண்டாம், ரொட்டியையும் சுட வேண்டாம் என்று நபியவர்கள் சொல்லியனுப்பினார்கள். பிறகு மாவிலும் சட்டியிலும் பரக்கத் வேண்டிப் பிரார்த்தித்து, உடன் சுடுவதற்கு மற்றொரு பெண்ணையும் அழைத்துக்கொள்ளுமாறு கூறினார்கள். ஆயிரம் பேர் உண்டு எழுந்த பின்னும் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது, மாவு சுடப்பட்டுக்கொண்டிருந்தது என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது.

அற்புதத்தைப் பற்றியே நாம் வழக்கமாகப் பேசுவோம். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதனுள் இருக்கும் ஒரு சிறு விவரம். இந்நிகழ்ச்சியின் ஓர் அறிவிப்பில், மாவு இளகிப் பதமாகியிருந்தது என்ற பொருள்படும் சொற்கள் இடம்பெற்றுள்ளன. கமீர் அதில் நன்கு ஊறிவிட்டது என்றே உரையாசிரியர்கள் அதற்கு விளக்கம் எழுதினார்கள். நபித்தோழரின் மனைவி ஒருவர் தம் வீட்டில் பிசைந்து, பொங்கவிட்டு, சுட்ட ரொட்டி அது. ஈஸ்ட் ஆகுமா என்று கேட்கும் சகோதரிக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. அன்று மாவைப் பொங்கவைத்ததும் இன்று பொங்கவைப்பதும் ஒரே வகை நுண்ணுயிர்களே. அவை மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் சிறிதளவு ஆல்கஹாலையும் வெளியிடுகின்றன. வாயு மாவை ஊதச் செய்கிறது. ஆல்கஹாலின் பெரும்பகுதி அடுப்புச் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. எஞ்சும் துளியினால், ஒருவர் பத்து ரொட்டி உண்டாலும் வயிறு வலிக்குமேயன்றி மயக்கம் வராது.

அக்கால ரொட்டி இனிப்பான பண்டமும் அன்று. இறைச்சிச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்த 'ஸரீத்' நபியவர்கள் விரும்பிய உணவு. ஆயிஷா (ரலி) அவர்களின் சிறப்பை மற்ற உணவுகளைவிட ஸரீதுக்கு உள்ள சிறப்போடு ஒப்பிட்டுக் கூறியதும் நாம் அறிந்ததே. சால்னாவில் ரொட்டியை நனைத்து உண்ணும் நமக்கு அது அந்நியமான சுவை ஆகாது. உப்பும் காரமும் கறிச்சாறும் ரொட்டிக்கு இயல்பான துணைகள். ரொட்டி என்றாலே பாலும் சர்க்கரையும் என்று நம் பிள்ளைகள் நினைக்கும்படி ஆனது பிற்காலக் கடைத்தெருவின் வேலை.

பிற்காலத்தில் இஸ்லாமிய நகரங்கள் வளர்ந்தபோது ரொட்டி வீட்டைவிட்டுச் சந்தைக்கு வந்தது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் ரொட்டிக்கென்றே பகுதிகள் உள்ளன. மண்ணாலான 'தன்னூர்' அடுப்பில் ஒட்டிச் சுடுவன, செங்கல் 'ஃபுர்ன்' அடுப்பில் சுடுவன என்று இருவகை ரொட்டிகள் அங்கே வழங்கின. பல நகரங்களில் பெண்கள் வீட்டில் மாவைப் பிசைந்து, பலகையில் அடுக்கி, சிறுவர் கையில் தெருமுனைச் சூளைக்கு அனுப்புவார்கள். எவர் வீட்டு ரொட்டி எது என்று தெரிய மாவில் முத்திரை குத்துவதும் உண்டு. மொராக்கோவின் பழைய நகரங்களில் இவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. ஹைதராபாத்திலும் மும்பையிலும் மாவும் நெய்யும் சர்க்கரையும் கொண்டுபோய்க் கொடுத்து, பேக்கரி அடுப்பில் நான்கட்டாய் சுட்டு வாங்கிவரும் வழக்கம் இதன் உறவுதான்.

மாவு நம்முடையது, அடுப்பு மட்டுமே கடைக்காரருடையது என்றிருந்தவரை சிக்கல் ஏதுமில்லை. மாவையும் கடைக்காரரே பிசையத் தொடங்கியபோது நம்பிக்கையின் கேள்வி எழுந்தது. அதற்காக முஸ்லிம் ஆட்சிகள் ஓர் அலுவலரையே வைத்திருந்தன. சந்தையைக் கண்காணிக்கும் அவருக்கு முஹ்தசிப் என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்ஷைஸரீ எழுதிய முஹ்தசிப் கையேட்டில் ரொட்டி சுடுவோருக்கான விதிகளைப் படிக்கும்போது இன்றைய உணவுப் பாதுகாப்பு விதிகளைப் படிப்பது போலவே தோன்றும். மாவைக் காலால் மிதித்துப் பிசையக் கூடாது. பிசைபவர் வாயை மூடித் துணி கட்ட வேண்டும், தும்மலும் பேச்சும் மாவில் தெறிக்காதிருக்க. வியர்வை சொட்டாதிருக்க நெற்றியில் பட்டை கட்ட வேண்டும். ஈ விரட்ட ஒருவர் அருகில் நிற்க வேண்டும். விலை குறைந்த பருப்பு மாவுகளைக் கலந்து ஏமாற்றக் கூடாது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டவை இவை! முகக்கவசம் என்ற சொல்லையே 2020இல்தான் கற்றுக்கொண்டோம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் புளிப்பேற்றிய ரொட்டி பாரசீகமும் மத்திய ஆசியாவும் தந்த கொடை. 'நான்' என்ற சொல்லே பாரசீகத்தில் ரொட்டியைக் குறிப்பது. அக்பரின் அரண்மனைச் சமையலை விவரிக்கும் அபுல் ஃபஸல், அடுப்பில் சுடும் பெரிய ரொட்டிக்கு 10 சேர் மாவு, 5 சேர் பால், ஒன்றரை சேர் நெய், கால் சேர் உப்பு என்று அளவு தருகிறார். சர்க்கரை இல்லை என்பதைப் பாருங்கள். மாவில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு உப்பு. இன்று வீட்டில் ரொட்டி சுடுவோர் நூற்றுக்கு இரண்டு பங்கு இடுகிறார்கள். நானூறு ஆண்டுகளில் மாறாமல் நிற்கும் அளவு என்றே இதைச் சொல்லலாம்.

நம் பகுதிக்கும் இந்த ரொட்டி உண்ணும் உலகத்துக்கும் தொடர்பு ஏற்பட்டது எப்போது? பூந்தமல்லியின் பெரிய பள்ளிவாசலில் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குத்புஷாவின் ஆட்சியில், 1653இல், ருஸ்தம் என்பவர் கட்டிய பள்ளிவாசல் அது. அவருடைய தந்தை துல்ஃபிகார் காஸ்பியன் கடலோரத்து அஸ்தராபாத் நகரத்தவர். இன்றைய ஈரானின் குர்கான்தான் அந்த அஸ்தராபாத். அரிசிச் சோறும் கேழ்வரகுக் கூழும் உண்ட தொண்டைமண்டலத்துக்கு, கோதுமை நானை அன்றாடம் உண்ட நாட்டவர் அதிகாரிகளாக வந்து சேர்ந்த காலம் அது. பின்னர் ஆர்க்காட்டு நவாபுகள் வந்தனர். வாலாஜாஹ் முகம்மது அலி 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பிக் குடியேறியபோது, ஷீர்மாலும் நானும் சுடும் கைகள் திருவல்லிக்கேணியை அடைந்தன. ஆனால் இவை அரண்மனையையும் உருது பேசும் குடும்பங்களையும் சூழ்ந்தே நின்றன. தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் ஆப்பமும் இடியாப்பமும் பத்திரியும்தான் ஆட்சி செய்தன.

மறுபக்கம் கடல்வழி வந்த ரொட்டி ஒன்று இருந்தது. போர்த்துகீசியரின் 'பாவ்' கோவாவிலும் மும்பையிலும் பாவ் ஆகவே நின்றது. இலங்கைத் தமிழில் 'பாண்' ஆயிற்று. இந்த வெப்ப நாட்டில் ஐரோப்பியருக்குப் பழகிய மது நொதி கிடைக்கவில்லை. கையருகே கிடைத்தது தென்னங்கள். ஈஸ்ட் நிறைந்திருக்கும் அதை மாவில் ஊற்றினால் ஓரிரவில் பொங்கிவிடும். ஆகவே மேற்குக் கரையிலும் இலங்கையிலும் பல இடங்களில் கள்ளே ரொட்டியின் புளிப்பாயிற்று. தலச்சேரியில் 1880இல் பேக்கரி தொடங்கிய மாம்பள்ளி பாபு, மூன்றாண்டு கழித்து ஓர் ஆங்கிலேயத் தோட்டக்காரருக்காகக் கேக் சுட்டபோது முந்திரிப்பழத்திலிருந்தும் வாழைப்பழத்திலிருந்தும் காய்ச்சிய உள்ளூர்ச் சாராயத்தையே அதில் சேர்த்தார் என்று அக்குடும்பத்தார் பெருமையுடன் கூறிவருகிறார்கள்.

"ரொட்டியில் கள்ளு ஊற்றுவார்கள்" என்ற மூத்தவரின் சொல்லுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. மாவு தானே பொங்குவது வேறு. குடித்தால் போதை தரும் பானத்தை வாங்கிவந்து உணவில் ஊற்றுவது வேறு. முன்னது குறித்து நம் அறிஞர்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. பின்னதை அவர்கள் தவிர்க்கச் சொன்னார்கள். ஆப்பத்திலும் இதே சிக்கல் எழுந்தது. பலரும் கள் ஊற்றி ஆப்பம் சுட்ட காலத்தில், நம் வீடுகளில் தேங்காய்த் தண்ணீரைச் சிறிது சர்க்கரையுடன் ஓரிரவு வைத்து, அதையே புளிப்பாகக் கொண்டார்கள். கள்ளில் இருக்கும் உயிர் காற்றிலும் இருக்கிறது, அதைக் கள் இல்லாமலேயே பிடித்துவிடலாம் என்று நுண்ணோக்கி பார்க்காமலேயே கண்டுபிடித்த அந்தப் பெண்களின் பெயரை எந்த நூலும் எழுதிவைக்கவில்லை.

பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ச்சர் நொதித்தல் உயிருள்ள நுண்ணுயிரின் செயல் என்று 1857 முதல் எழுதிய ஆய்வுகளால் நிறுவினார். 1868இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஃபிளைஷ்மன் சகோதரர்கள் அழுத்திய ஈஸ்ட் கட்டிகளை விற்கத் தொடங்கினர். இரண்டாம் உலகப்போரின்போது, குளிர்ப்பெட்டி இல்லாமலேயே கெடாதிருக்கும் உலர் ஈஸ்ட் படைவீரர்களுக்காக உருவாக்கப்பட்டது. நம் அடுக்களைச் சிறு புட்டியில் இருக்கும் கடுகு போன்ற மணிகள் அதன் வாரிசுகளே. சர்க்கரைப் பாகில் வளர்த்து, கழுவி, உலர்த்திய நுண்ணுயிர் அது. அதில் கள்ளும் இல்லை, சாராயமும் இல்லை. தமிழகத்திலோ 1987 சனவரி முதல் கள் இறக்குவதற்கே தடை இருக்கிறது. ஆகவே கடை ரொட்டியில் கள் என்ற பழைய அச்சத்துக்கு நம் பகுதியில் இப்போது இடமில்லை. வேறு அச்சங்களுக்கு இடமுண்டு. அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

மேற்குப் புறநகருக்கு வெள்ளைக்காரரின் ரொட்டி படையுடன் வந்தது. பூந்தமல்லியில் கும்பினிக் காலத்தில் பாசறை இருந்தது; நோயுற்ற ஐரோப்பியப் படைவீரர்கள் தேறுவதற்கான நிலையமாகவும் அது நெடுங்காலம் விளங்கியது. அப்படைவீரரின் அன்றாடப் படியில் ஒரு பவுண்டு ரொட்டியும் ஒரு பவுண்டு இறைச்சியும் அடங்கும். நம் நாட்டில் ரொட்டி 'காய்ச்சல்காரர் உணவு' ஆனதற்கு இப்படைகளும் இவற்றைப் பின்பற்றிய மருத்துவமனைகளும் முக்கியமான காரணம் என்பது என் கருத்து. பாலில் நனைத்த ரொட்டித் துண்டுடன் அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துப் பழகிய ஒரு சமூகம், நலமாக இருக்கும்போது அதை விரும்பி உண்ணாததில் வியப்பில்லை.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. இராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சை, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்களில் நம் சமூகத்தவரும் கணிசமாக இருந்தனர். 250 தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலைகளில் உணவகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகை செய்தது. அங்கும் ஆலை வாசல் தேநீர்க் கடைகளிலும் பன்னும் ரொட்டியும் முதல் முறையாக நலமுள்ளவரின் உணவாயின.

அதே காலத்தில் கோதுமையும் பெருகியது. 1956இல் அமெரிக்காவுடன் செய்த பி.எல். 480 ஒப்பந்தத்தின் வழியே கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. 1965இல் நடுவண் அரசு 'மாடர்ன் பேக்கரீஸ்' நிறுவனத்தைத் தொடங்கி, நகரங்களில் இயந்திரத்தால் சுட்ட ரொட்டியை மெழுகுத்தாளில் சுற்றி விற்றது. 2000இல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. பாடியில் பிரிட்டானியா ஆலையின் பெயராலேயே ஒரு பேருந்து நிறுத்தம் அமைந்ததும், அவ்வழியே சென்றவர்கள் பிஸ்கட் மணத்தைக் கொண்டே இடத்தை அறிந்ததும் இப்பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ரொட்டிகள் எல்லாம் இனிப்பானவை அல்லது சுவையற்றவை. தென்னாட்டில் கார ரொட்டிக்குப் பெயர் பெற்றவர்கள் வேறொரு சமூகத்தார். கர்நாடகத்தின் ஹாசன் பகுதியிலிருந்து பெங்களூருக்கு வந்த ஐயங்கார்கள் பேக்கரித் தொழிலில் இறங்கினர். முட்டையும் இறைச்சிக் கொழுப்பும் மதுவும் விலக்கிய அவர்கள், தம் ஆசாரத்துக்கு ஒவ்வாதவற்றை எல்லாம் நீக்கிவிட்டு ரொட்டியைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டார்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்ந்த 'காரா பன்' அவர்களுடைய கைவண்ணம். பெங்களூரிலிருந்து சென்னைக்கும் பரவிவிட்டது. தம் உணவு நெறியை விட்டுக்கொடுக்காமல் அந்நியப் பண்டம் ஒன்றை வீட்டுப் பண்டமாக்கிக்கொண்ட அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு. இலங்கையில் மீன் அடைத்த மாலு பாணும் இவ்வகைத் தத்தெடுப்பே.

இனி இன்றைய அச்சங்களைப் பார்ப்போம். 2016 மே மாதம் தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன், பீட்சா வகைகளைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் எச்சம் இருப்பதாக அறிவித்தது. மாவை வலுவாக்கி நன்கு உப்பச் செய்யும் பொருள் புரோமேட். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருந்தது. பிரிட்டன் 1990இலேயே தடை செய்துவிட்டது. அறிக்கை வெளிவந்த அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது.

ஹலால் நோக்கில் வேறு சிலவும் உள்ளன. மாவை இளக்கச் சேர்க்கும் இ920 என்ற எல்-சிஸ்டீன் பறவை இறகிலிருந்தும் முடியிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. இப்போது நொதித்தல் முறையிலும் தயாரிக்கிறார்கள். ரொட்டியை மென்மையாக வைக்கும் இ471 தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். நம் நாட்டில் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்குப் பொருள் இல்லை என்று பொருள். ஆகவே பச்சைப் புள்ளியிட்ட உள்நாட்டு ரொட்டியை இ471 என்ற எண்ணைக் கண்டதும் ஹராம் என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது அறிவுடைமை ஆகாது. ஆனால் பச்சைப் புள்ளி மதுவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரம் மணமூட்டிய கேக்குக்கும் அது கிடைக்கும். பொட்டலமும் அச்சிட்ட விவரமும் இல்லாத ரொட்டியில் என்ன கொழுப்பு, என்ன மருந்து என்று கேட்டறிய வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. நம் தெருவில் முஹ்தசிப் இல்லை.

2020 ரமலான் ஊரடங்கில் கழிந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன, நோன்புக் கஞ்சியை அவரவர் வீட்டிலேயே காய்ச்சினோம். கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாறிய மே மாதம் அது. சூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் முழு ஊரடங்கு மீண்டும் வந்தது. அந்த நாள்களில்தான் பல வீடுகளில் ஈஸ்ட் முதன்முதலாக நுழைந்தது. தேவையினால் தொடங்கியது பழக்கமாகிவிட்டது.

வீட்டில் சுடுவது நமக்குப் புதியது என்று எண்ண வேண்டாம். கனத்த சட்டியில் ரவை, முட்டை, நெய், சர்க்கரைக் கலவையை ஊற்றி, மூடியின்மேல் தணலைப் பரப்பி, கீழும் மேலும் நெருப்பிட்டுச் சுடும் தம்மடையும் தம்ரூட்டும் நம் பெரியம்மாக்கள், நன்னிமார்களின் கைவேலை. மின்சார அடுப்பு மேலும் கீழும் கம்பியைச் சிவக்கவைத்துச் செய்வது அதே வேலையைத்தான். அடுப்பு இல்லாதவர்கள் கனத்த குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் நீக்கிவிட்டுச் சுடலாம். மேல்பக்கம் சிவக்காது, சுவை குறையாது.

கார ரொட்டிக்கு 400 கிராம் மாவு போதும். 300 மைதா, 100 கோதுமை மாவு என்று கலந்தால் ரொட்டி கனக்காது. உப்பு 8 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் 250 முதல் 260 மில்லி. கோதுமை மாவு கூடுதலாகச் சேர்த்தால் தண்ணீரும் கூடும்; மில்லில் அரைத்த மாவு அதிகம் குடிக்கும். பத்து நிமிடமாவது நன்கு அடித்துப் பிசைய வேண்டும். ஒரு துண்டை இழுத்தால் அறுந்துபோகாமல் மெல்லிய சவ்வாக விரிய வேண்டும் என்பதே பதம்.

பலர் சறுக்குவது வெங்காயத்தில். பச்சையாகச் சேர்த்தால் நீர் விட்டு மாவைக் குழைத்துவிடும். 100 கிராம் சின்ன வெங்காயத்தையும் இரண்டு பச்சை மிளகாயையும் கறிவேப்பிலையையும் பொன்னிறமாக வதக்கி, முற்றிலும் ஆறிய பின்பே பிசைந்த மாவில் சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும். ஒரு தேக்கரண்டி சீரகத்தை உள்ளேயும் ஒரு தேக்கரண்டி கருஞ்சீரகத்தை மேலேயும் இடுக.

மேலைநாட்டுக் குறிப்புகளில் மாவை ஒன்றரை மணி நேரம் பொங்கவிடச் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. ஆவடியின் மே மாத அடுக்களையில் நாற்பது நிமிடத்திலேயே மாவு இரு மடங்காகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்துச் சாராய வாடை வீசும், சுட்டதும் நடுவில் இறங்கிவிடும். அந்த வாடைக்கு அஞ்சி எறிந்துவிடும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியது: அது அளவு மீறிப் புளித்ததன் அடையாளம், அடுத்த முறை குளிர்ந்த தண்ணீரில் பிசையுங்கள். பொங்கிய மாவை அமுக்கிக் காற்றை நீக்கி, நீள அச்சில் இட்டு, விளிம்பைத் தொடும்வரை மீண்டும் அரைமணி நேரம் வைத்து, முன்பே சூடேற்றிய 200 பாகை அடுப்பில் 30 முதல் 35 நிமிடம் சுட வேண்டும். அடியைத் தட்டினால் வெற்று மரப்பெட்டியைத் தட்டிய ஓசை வந்தால் வெந்துவிட்டது.

சூட்டோடு அறுக்காதீர்கள், உள்ளே பிசுபிசுக்கும். ஒரு மணி நேரமாவது கம்பித் தட்டில் ஆறட்டும். நோன்பு நாளில் அஸருக்குப் பின் சுட்டு எடுத்தால் மஃரிபுக்குள் அறுக்கும் பதத்துக்கு வந்துவிடும். மருந்து எதுவும் சேராத ரொட்டி என்பதால் சென்னையின் ஈரக்காற்றில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். மிஞ்சியதைத் துண்டுபோட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, சஹருக்கு எழுந்ததும் தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம். மிகவும் காய்ந்துவிட்ட துண்டுகளை இரவு மிஞ்சிய ஆட்டுக்கால் பாயாவில் பிய்த்துப் போட்டு மூடிவையுங்கள். கால்மணி நேரத்தில் ஸரீத் தயாராகிவிடும்.